மரத்தில் படி கட்டும் முறை

தை பிறந்ததும் கொல்லிமலையில் மிளகு அறுவடைக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும்பொருட்டு நடப்பெற்ற சில்வர் ஓக் மரங்களே மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் அமைகின்றன. கொடி தாழ இருந்தவரை அறுவடை எளிதே. ஆனால் மரம் உயர உயரக் கொடியும் உடன் உயர்ந்து, 20 அடி, 30 அடி உயரத்தில் சரம் விடுகின்றது. அச்சரங்களைப் பறிக்க ஒருவர் ஏறியே தீர வேண்டும். அவர் ஏறும் படி எதனால் நிற்கின்றது? ஒரு முழக் கயிற்றாலும் ஒரு முடிச்சாலுமே நிற்கின்றது. அம்முடிச்சைப் பற்றி நமது விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் கருத்துடன் ஆராய வேண்டிய தருணம் இது.

மரத்தில் படி கட்டும் கலை மலைநாட்டிற்குப் புதிதன்று. வில்லாற்றலால் பெயர் பெற்ற வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனது ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். மலைகளில் வேட்டையாடியோரும் புனம் காத்தோரும் மரத்தின்மேல் பரண் அமைத்து இரவைக் கழித்தனர். பரணுக்கு ஏறக் கழிகளை மரத்தோடு சேர்த்துக் கொடியாலும் நாராலும் கட்டினர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. மலைவாழ் மக்களுக்குத் தேன் போன்ற சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை வழங்கிய 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் வேட்டையுரிமையைச் சேர்க்கவில்லை. ஆகவே அம்பும் பொறியும் இன்று நமக்கு வேண்டியதில்லை. படி கட்டும் அறிவோ முன்னிலும் அதிகமாக வேண்டப்படுகின்றது. பரணுக்கு ஏறியவன் ஓரிரவில் ஒருமுறை ஏறினான், மிளகு பறிப்பவரோ ஒரு நாளில் பல மரங்கள் ஏறி இறங்குகிறார்.

வழக்கிலுள்ள ஏணி ஒற்றை மூங்கிலால் ஆனது. முற்றிய மூங்கிலின் பக்கக் கிளைகளை ஒரு சாண் நீளம் விட்டுத் தறித்து, அக்குச்சிகளையே படியாகக் கொள்வர். காப்பிச் செடிகளின் இடையே புகவும், கிளைகளுக்கு நடுவே நுழையவும் இதைவிட ஏற்றது வேறில்லை. இரட்டைக்கால் ஏணி இம்மேட்டு நிலத்தில் நிற்கவே நிற்காது. ஆனால் இதற்கு இரண்டு குறைகள் உள்ளன. உலர்ந்த கிளைக்குச்சி முன்னறிவிப்பின்றி ஒடியும். மேலும், ஒற்றை மூங்கில் உருண்டையானது. ஏறுபவர் ஒரு பக்கம் சாய்ந்து கை நீட்டும்போது மூங்கில் தன்னையே சுற்றிக்கொண்டு புரளும். ஏணி முறிந்து வீழ்தலைக் காட்டிலும் ஏணி புரண்டு வீழ்தலே அஞ்சத்தக்கது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மனிதர் ஏறக்குறைய ஒரே நொடியில், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். பிடித்துக்கொள்வதற்கு அவகாசமே இல்லை.

முதற்குறைக்குப் பரிகாரம், கிளைக்குச்சியை நம்பாமல் கெட்டியான மரக்கழிகளைக் குறுக்கே வைத்துக் கட்டுவது. இரண்டாவதற்குப் பரிகாரம், மூங்கிலை மரத்தோடு புரளாவண்ணம் பிணைப்பது. இரண்டும் கயிற்றின் வேலையே.

கயிற்றைத் தேர்வதில்தான் பலரும் ஏமாறுகின்றனர். தேங்காய் நாரும் கற்றாழை நாரும் சொரசொரப்பானவை, முடிச்சு நழுவாது. ஆனால் நனைந்தால் பருத்து இறுகி, காய்ந்ததும் தளர்ந்துவிடும். கொல்லிமலையின் பனியில் விடியற்காலையில் விறைப்பாகத் தோன்றிய கட்டு, நண்பகல் வெயிலில் ஆடத் தொடங்குவதற்கு இதுவே காரணம். நைலான் வலிமை மிக்கது, எனினும் வழவழப்பானது. சுற்றுகள் அதிகமாகவும், முடிச்சுக்குப் பின் மிஞ்சும் வால் ஒரு சாணுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். சந்தையில் நைலான் என்று விற்கப்படும் வண்ணக் கயிறுகளுள் பல நைலானே அல்ல. பாலிபுரொப்பிலீன் என்னும் மலிவான பிளாஸ்டிக்கால் ஆனவை. ஒரு துண்டை நீர் நிறைந்த குடத்தில் அமிழ்த்திவிட்டுப் பாருங்கள். மிதந்தால் அது நைலான் அன்று. மூழ்கினால் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கலாம். மிதக்கும் கயிறு வெயிலில் கிடந்தால் விரைவில் நலிந்து, விரலால் தேய்த்தாலே பொடியாக உதிரும். சாக்கு கட்ட அது போதும். ஆளைத் தாங்க ஆகாது.

எந்தக் கயிறாயினும் முடிச்சு விழுந்த இடத்தில் வலிமை குன்றும். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலும்கூடக் குறைவதுண்டு. ஆகவே ஒரு விரல் பருமனுக்குக் குறைந்த கயிற்றைப் படி கட்ட எடுக்கலாகாது. அறுந்த கயிறுகளை இடையில் முடிந்து நீளமாக்கிக் கட்டுவதும் கூடாது. படிக்கு ஒரே கயிறு, இடையில் முடிச்சற்ற கயிறு.

இனி, கட்டு எவ்வாறு பாரம் தாங்குகின்றது என்பதை அறிய வேண்டும். முரட்டுக் காளையை நேராக இழுத்துப் பிடிக்க நான்கு பேராலும் இயலாது. அதே கயிற்றைத் தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். காளையின் இழுப்பைத் தாங்குவது சிறுவனின் கையன்று. தறிக்கும் கயிற்றுக்கும் இடையிலுள்ள உராய்வே. படிக்கட்டும் இத்தகையதே. பாரத்தைச் சுற்றுகள் தாங்குகின்றன. முடிச்சு, சுற்றுகள் அவிழாமல் காக்கும் காவலன் மாத்திரமே. இதனை உணராதவர்கள் இரண்டே சுற்றுச் சுற்றிவிட்டு அதன்மேல் ஐந்தாறு முடிச்சுகளைக் குவிக்கிறார்கள். கட்டு பெரிதாகத் தெரியும், பயன் ஒன்றுமில்லை.

தொடக்கத்திற்கும் முடிவிற்கும் ஒரே முடிச்சுப் போதும். கயிற்று நுனியை மூங்கிலைச் சுற்றிக் கொணர்ந்து, தன்மேலேயே குறுக்காகப் போடுக. அதே திசையில் மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றி, குறுக்கே விழுந்த கயிற்றின் அடியில் நுனியைச் செருகி இழுக்குக. இரு சுற்றுகளும் அருகருகே படிந்து, அவற்றின்மேல் ஒரு சாய்ந்த வரி தெரியுமாயின் முடிச்சு சரி. ஆடு கட்டும் முளையில் நம்மில் பலர் பெயர் தெரியாமலே போடுவது இதுதான். இக்கட்டுரையில் இதனை இரட்டைச் சுற்று முடிச்சு என்போம்.

குறுக்குக்கழியை மூங்கிலோடு கட்டும் முறை வருமாறு. மூங்கிலின் கணுவுக்குச் சற்று மேலே இரட்டைச் சுற்று முடிச்சைப் போட்டு, அதன்மேல் கழியைக் குறுக்கே வைக்க வேண்டும். கணு புடைத்திருப்பதால் கட்டு கீழே வழுக்காது. பின்னர் கயிற்றைக் கழியின் முன்புறமாக மேலே கொண்டுபோய், மூங்கிலின் பின்புறமாகச் சுற்றி, மறுபக்கம் கழியின் முன்புறமாகக் கீழே இறக்கி, மீண்டும் மூங்கிலின் பின்புறமாகக் கொணர்க. இது ஒரு சுற்று. இவ்வாறு நான்கு சுற்றுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கமாகப் படிய வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் உடல் பாரம் கொடுத்து இழுத்து இறுக்குவது அவசியம்.

இதன்பின் வருவதே கட்டின் உயிர்நிலை; பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதையே. கழிக்கும் மூங்கிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கயிற்றை நுழைத்து, முன்பு போட்ட சுற்றுகளின் இடுப்பைப் பிடிப்பதுபோல் குறுக்காக மூன்று முறை சுற்றி நெரிக்க வேண்டும். வைக்கோல் கட்டின் நடுவை நெரித்தால் கட்டு முழுவதும் இறுகுவதைப் போல, இந்த நெருக்குச் சுற்று மற்றெல்லாச் சுற்றுகளையும் இறுக்கிவிடும். இது இல்லாத கட்டு புதிதில் அசையாது நிற்கும். நான்கு பேர் ஏறி இறங்கியபின் ஆடும். முடிவில் குறுக்குக்கழியின்மீது இரட்டைச் சுற்று முடிச்சைப் போட்டு, எஞ்சிய நுனியால் இன்னுமொரு சுருக்குப் போட்டு நிறுத்தலாம். ஒரு படிக்குச் சுமார் 4 மீட்டர் கயிறு செல்லும். படிக்குப் படி ஓரடி முதல் ஒன்றேகால் அடி இடைவெளி போதுமானது. அதற்கு மேற்பட்டால் இறங்கும்போது கால் துழாவ நேரிடும்.

ஆணி அடித்தால் வேலை விரைவில் முடியுமே எனச் சிலர் கேட்கலாம். மூங்கில் நெடுக்காகப் பிளக்கும் இயல்புடையது. ஆணி அப்பிளவுக்கு வாயில் திறந்துவிடும். மரத்தில் நேரே ஆணி அடிப்பதோ மரத்திற்கும் கேடு. காயத்தின் வழி நீர் இறங்கி உட்புறம் உளுக்கும். வெளியே தெரியும் ஆணி கெட்டியாகவே தோன்றும்.

படிகள் அமைந்த மூங்கிலை மரத்தோடு பிணைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. வழக்கமாக மூங்கிலையும் மரத்தையும் சேர்த்துக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிடுகின்றனர். அக்கட்டு மூங்கிலை மரத்தோடு அணைத்து நிறுத்தும். ஆனால் அந்த வளையத்துக்குள்ளேயே மூங்கில் புரளத் தடையில்லை. ஆகவே கயிற்றை முதலில் மூங்கிலில் மாத்திரம் இரட்டைச் சுற்று முடிச்சால் இறுகப் பிணித்து, அதன் பின்னரே மரத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். மரத்தையும் மூங்கிலையும் சேர்த்து மூன்று சுற்றுகள், இரண்டுக்கும் நடுவே இரண்டு நெருக்குச் சுற்றுகள், மீண்டும் மூங்கிலில் முடிச்சு. இவ்வண்ணம் கட்டிய மூங்கில் மரத்தோடு ஒன்றிவிடுகின்றது. முழங்கால் உயரத்தில் ஒன்று, மார்பு உயரத்தில் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வோர் ஐந்தடிக்கும் ஒன்று என்று பிணைப்பு அமையலாம். மூங்கிலின் அடியை ஒரு சாண் ஆழக் குழியில் ஊன்றுக. சரிவான நிலத்தில் மரத்தின் மேட்டுப்பக்கமே ஏணிக்கு உரிய இடம்; அப்பக்கத்தில் வீழும் உயரம் குறைவு.

கொடியையும் மறக்கலாகாது. உயிர்க்கொடியின்மீது கயிறு அழுந்தினால் அதற்கு மேலுள்ள பகுதி வாடும். கயிறு படும் இடத்தில் சாக்கை மடித்து வைத்தால் சேதம் குறையும். பறிப்பு முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டால், பருத்து வரும் மரத்தில் கயிறு புதைந்து பட்டையை நெரித்து, உணவோட்டத்தையே தடுத்துவிடும்.

கட்டியதும் மேலே ஏறிவிடலாகாது. தரையிலிருந்து எட்டும் முதற்படியில் இருவர் ஒருங்கே நின்று குதித்துப் பார்க்க வேண்டும். மலையின் மூத்த ஏறுநர்கள் ஒவ்வொரு படியிலும் கால் வைக்குமுன் குதிகாலால் இருமுறை தட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அதை அச்சமென்று இளைஞர்கள் நகைக்கிறார்கள். தளர்ந்த கட்டு அத்தட்டிலேயே ஒலி மாறிக் காட்டிக்கொடுக்கும் என்பது நகைப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

படி எவ்வளவு உறுதியாயினும் ஏறுபவரின் உடலையும் மரத்தோடு பிணைப்பதே முழுக்காவல். பனையேறிகளின் தளைநார் நாம் அறிந்ததே. அமெரிக்க நாட்டில் மான் வேட்டையாடுவோர் மரத்தில் படிகளைக் கட்டி ஏறி, மேலே அமர்ந்து காத்திருப்பது பெருவழக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும், படியிலிருந்து இருக்கைக்கு மாறும்போதும் தவறி விழும் அபாயத்தை அங்குள்ள பயிற்சிப் பாடங்கள் வலியுறுத்துகின்றன. தரையை விட்டது முதல் தரையைத் தொடும்வரை கயிற்றோடு பிணைந்தே இருக்க வேண்டும் என்பது அவர்களது விதி. வேட்டை நமக்கு வேண்டாம். விதியை எடுத்துக்கொள்வதில் தடையில்லை.

இதற்கு முழு உடற்பட்டையும், மரத்தின் உச்சியிலிருந்து தொங்கும் ஒரு காவற்கயிறும் தேவை. இடுப்புப் பட்டை மட்டும் அணிந்து விழுந்தால் உயிர் தப்பினும் முதுகும் விலாவும் முறியக்கூடும். காவற்கயிற்றில் அதனினும் மெல்லிய கயிற்று வளையம் ஒன்றை மூன்று முறை சுற்றி, அதன் வழியே அதனையே இழுத்து உடற்பட்டையோடு இணைப்பர். தளர்வாக இருக்கையில் கையால் மேலும் கீழும் நகர்த்தலாம். பாரம் விழுந்த கணமே கயிற்றைக் கவ்விக்கொள்ளும். ஆஸ்திரிய நாட்டு மலையேறி கார்ல் புரூசிக் 1931ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய முடிச்சு இது. இதனை நூலைப் பார்த்துக் கற்க முயல வேண்டாம். தீயணைப்புத் துறையினரைப் போன்று பயிற்சி பெற்றோரிடம் தரையிலேயே பழகிய பின்னரே மரத்தில் பயன்படுத்தலாம். பட்டையில் தொங்கியவரை மேலேயே விட்டுவைத்தலும் ஆபத்து. அசைவின்றிச் சில நிமிடங்கள் தொங்கினாலே இரத்த ஓட்டம் தடைப்படும். கீழே நிற்பவர் அவரை உடனே இறக்கும் வழியை அறிந்திருக்க வேண்டும்.

கீழே நிற்பவர் என்றோம். இவரே இன்று பல தோட்டங்களில் காணாமற்போனவர். நீலகிரிப் பகுதியில் கொடியேணி கட்டிப் பாறைத்தேன் எடுக்கும் குறும்பர்களிடையே, மேலே கயிற்றைக் காக்க மனைவியின் சகோதரனை நிறுத்தும் வழக்கம் கூறப்படுகிறது. தங்கை தாலியிழக்க அவன் சம்மதியான் அன்றோ! கயிற்றைக் காப்பவனின் அக்கறையும் கயிற்றின் வலிமையில் அடங்கியதென அம்மக்கள் கண்டுகொண்டனர். நமது தோட்டங்களில் பறித்த மிளகின் எடைக்குக் கூலி பேசும் முறை உள்ளவிடத்து, ஏணி பிடிப்பவருக்கு எடையில்லை. ஆதலால் கூலியும் இல்லை, ஆளும் இல்லை. மரத்திற்கு மரம் கட்டை அவிழ்த்துக் கட்டக் கால்மணி நேரம் ஆகும். அந்நேரத்திற்கும் எடையில்லை. கட்டாமலே சாத்தி ஏறுபவர் மாலைக்குள் அதிகம் பறிக்கிறார், அதிகம் சம்பாதிக்கிறார். இந்நிலையில் ஏறுபவரின் கவனக்குறைவைப் பழிப்பது நியாயமாகாது. முடிச்சு தெரியாமல் விழுகிறவரைவிட, முடிச்சுப் போட நேரமில்லாமல் விழுகிறவரே மிகுதியாக இருப்பர் என்பது என் கருத்து.

ஆகவே பறிப்புக்கு எடைக்கூலி பேசினாலும், படி கட்டுவதற்கும் ஏணியடியில் நிற்பதற்கும் நாட்கூலி தனியே தருவதெனத் தோட்டமுடையார் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனவரி 26 அன்று கூடும் கிராம சபை அறுவடைக் காலத்தின் தொடக்கத்திலேயே வருகின்றது. இதனை ஊர்க் கட்டுப்பாடாக்க அதைவிட ஏற்ற நாள் இல்லை. ஊராட்சி தோறும் இரண்டு முழு உடற்பட்டைகளும் இரண்டு காவற்கயிறுகளும் வாங்கி முறை வைத்து வழங்குவதையும் அன்றே பேசலாம். இளங்கொடிகள் உள்ளோர் அவற்றை 20 அடிக்கு மேல் போகவிடாமல் நுனி கிள்ளிப் படரவிடுதல் நன்று. தரையில் நின்றே பறிக்கத்தக்க புதர் மிளகையும் வயதானோர் தம் வீட்டருகே பயிரிட்டுப் பார்க்கலாம்.

அலுமினிய ஏணி பற்றி ஓர் எச்சரிக்கை. இலேசானது, உளுக்காது என்பன உண்மையே. ஆனால் குடகு மாவட்டத்துக் காப்பித் தோட்டங்களில் மிளகு பறிக்கவும் நிழல்மரக் கிளை கழிக்கவும் தூக்கிச் சென்ற அலுமினிய ஏணி மின்கம்பியில் பட்டு உயிரிழந்தோர் பலர். மின்கம்பி செல்லும் தோட்டத்தில் அதனை அனுமதித்தலே தவறு. பனியில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் நினைவில் வைக்க.

இத்தனைக்கும் பின் ஒருவர் விழுந்துவிட்டால், அவரைத் தூக்கி உட்கார வைத்தலும், நீர் புகட்டுதலும், இருவர் தோள் கொடுத்து நடத்திச் செல்லுதலும் கூடவே கூடா. முதுகெலும்பு முறிந்திருக்குமாயின், அச்சிறு அசைவே தண்டுவடத்தைச் சிதைத்து, வாழ்நாள் முழுதும் இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவராக்கிவிடும். நம் மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை எண்ணிப் பாருங்கள். கழுத்தும் முதுகும் திரும்பாவண்ணம் பலர் சேர்ந்து பலகையில் கிடத்தி, தலையின் இருபுறமும் துணிச்சுருள் வைத்து அசையாமற் கட்டி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

காப்பீடு குறித்தும் கூறவேண்டும். 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குடைய எவரும் சேரலாம். ஆண்டுச் சந்தா 20 ரூபாய். விபத்தில் இறப்போ முழு ஊனமோ நேரின் 2 இலட்சம் ரூபாயும், நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு 1 இலட்சம் ரூபாயும் கிடைக்கும். மரத்திலிருந்து விழுந்து நேர்ந்த விபத்திற்கு உடனடி மருத்துவமனைப் பதிவே ஆதாரம். நாட்டு வைத்தியரிடம் இரண்டு நாள் கட்டுப் போட்டுக் காத்திருந்து, பின்னர் மருத்துவமனைக்குச் சென்றால் கோரிக்கை நிற்பது கடினம். சேர்த்த அன்றே, மரத்திலிருந்து விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்று பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. சந்தா கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படுவதால், மே மாத இறுதியில் கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பணமில்லாது சந்தா செல்லாவிடில் காப்பும் நின்றுவிடும்.